பெயர் தெரியாத ஊரின் திராட்சை

ஒயின் வேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்று என்னிடம் கேட்கும் பிள்ளைகள் உண்டு. சிலர் இங்கே நெய்வேலி டவுன்ஷிப்பிலேயே இருப்பவர்கள், சிலர் வெளியூரிலிருந்து போனில் பேசுபவர்கள். எல்லோரும் எடுத்த எடுப்பில் சொல்லும் பெயர் கலிபோர்னியாவின் நாப்பா. அடுத்தது பிரான்ஸ். இந்தியாவுக்குள் என்றால் நாசிக். அந்த ஊர்களில் நல்ல ஒயின் வருகிறது, அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் கை தேற வேண்டுமென்றால் பெயரில்லாத ஊரின் ஒயின் செல்லாரில் போய் நில்லுங்கள் என்றுதான் சொல்வேன். மண்ணும் குளிரும் வெயிலும் கூடிவந்த இடத்தில் சுமாரான கைக்காரனுக்கும் குடிக்கத்தக்க ஒயின் வந்துவிடும். குளிர் கொடியைக் கொல்லும் இடத்தில், வெயில் பழத்தின் புளிப்பைத் தின்றுவிடும் இடத்தில் நின்றவனுக்குத்தான் தான் செய்வது என்னவென்று தெரியும்.

இதை நான் முதலில் கேட்டது செல்லாரில் அல்ல, வீட்டில். அப்பா நெய்வேலி முதலாம் அனல்மின் நிலையத்தில் பாய்லர் பிரிவில் இருந்தவர். நம்முடைய பழுப்பு நிலக்கரியில் ஏறத்தாழ பாதி ஈரம்தான். கருநிலக்கரியை எரிக்கிற பாய்லரில் அதைப் போட்டால் ஒழுங்காக எரியாது. அதனால் 1962-ல் மின்சாரம் கொடுக்கத் தொடங்கிய அந்த நிலையத்தை, இந்த ஈரக்கரிக்கென்றே சோவியத் உதவியோடு கட்டினார்கள். 2020-ல் மூடும்வரை அது ஓடியது. “கரியைக் குறை சொல்லாதே, கரிக்கு ஏத்த அடுப்பு போடு” என்பார் அப்பா. திராட்சைக்கும் அதுதான். மண்ணுக்கேற்ற கொடி, கொடிக்கேற்ற செல்லார்.

நான் வேலை பழகியது நாசிக் பக்கத்தில். அங்கே செல்லார் பொறுப்பில் இருந்த பெரியவரை எல்லோரும் காகா என்போம். ஒரு பருவம் முழுக்க எனக்குக் கிடைத்தது கழுவும் வேலைதான். கிரேட் கழுவு, குழாய் கழுவு, டேங்க்கின் உள்ளே இறங்கிச் சுவரில் படிந்த டார்ட்டர் உப்பைச் சுரண்டு, காஸ்டிக் விட்டு, பிறகு சிட்ரிக் விட்டு, கடைசியில் தண்ணீர். கழுவி முடித்த குழாயின் வாயில் காகா மூக்கை வைப்பார். ஒன்றும் வாடை இல்லையென்றால் பேசாமல் போய்விடுவார். இருந்தால் குழாயைக் கீழே போட்டுவிட்டுப் போய்விடுவார். திட்டு கிடையாது. மறுபடி கழுவ வேண்டும், அவ்வளவுதான். ஒயின் வேலையில் பெரும்பகுதி இதுதான் தம்பி. இது பிடிக்காதவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

நாசிக் என்ற பெயருக்கு இன்று கிடைக்கும் மரியாதை பழையது அல்ல. 1990-களில்கூட அது சாப்பாட்டுத் திராட்சை விளையும் ஊர். இந்திய ஒயின் என்று பேசியவர்கள் மகாராஷ்டிரத்தின் நாராயண்காவ் ஊரையும், 1988-ல் பெங்களூருக்கு வடக்கே நந்தி மலையடியில் தொடங்கிய குரோவர் ஒயினரியையும்தான் சொன்னார்கள். ராஜீவ் சாமந்த் நாசிக்கில் சூலா ஒயினரியைத் தொடங்கியது 1999-ல். நாசிக் பெயர் பெற்றது அதற்குப் பிறகுதான். ஊருக்குப் பெயர் வருவது இத்தனை சமீபத்தில் நடக்கிற காரியம் என்றால், பெயர் வராத ஊர்களை இளப்பமாகப் பார்ப்பதில் என்ன நியாயம்?

பழம் பார்க்கக் கற்றுக்கொடுத்ததும் காகாதான். ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு துளி சாறு விட்டு வெளிச்சத்தில் பிடித்தால் பிரிக்ஸ், அதாவது சர்க்கரையின் அளவு, தெரியும். இருபது பிரிக்ஸ் என்றால் நொதித்து முடிந்தபின் ஏறத்தாழ பதினொன்றரை சதவீத ஆல்கஹால். அந்தக் கணக்கு யாருக்கும் வரும். காகா மீட்டரைப் பார்ப்பதற்கு முன்பே பழத்தை வாயில் போடுவார். முதலில் சதையை மட்டும் நசுக்கி விழுங்குவார். தாடையின் ஓரத்தில் எச்சில் ஊறுகிறதா, எவ்வளவு நேரம் ஊறுகிறது, அதுதான் அமிலத்தின் அளவு. பிறகு தோலைக் கடைவாயில் வைத்து மெல்லுவார். கடைசியாக விதையைத் துப்பிக் கையில் வைத்துப் பார்ப்பார். பச்சையாக இருந்தால் பழம் ஆகவில்லை. பழுப்பாகி, கடித்தால் நொறுங்கி, கசக்காமல் இருந்தால் அறுக்கலாம். வெயில் நாட்டில் சர்க்கரை முன்னால் ஓடிவிடும், விதை பின்தங்கிவிடும். மீட்டரை மட்டும் நம்பி அறுத்தவனின் ஒயின் நாக்கில் கசக்கும்.

அதற்குப் பிறகுதான் அமெரிக்காவுக்குப் போகும் வாய்ப்பு வந்தது. நாப்பாவுக்கு அல்ல. நியூயார்க் மாநிலத்தின் உள்ளே, ஃபிங்கர் லேக்ஸ் என்கிற ஏரிப் பகுதிக்கு. விரல்களை விரித்துவைத்த மாதிரி வடக்குத் தெற்காகப் பதினொரு ஏரிகள். அதில் செனகா ஏரியின் ஆழம் 180 மீட்டருக்கும் மேல். அத்தனை ஆழத் தண்ணீர் லேசில் உறையாது. கோடையில் வாங்கிய சூட்டைக் குளிர்காலத்தில் கரைக்குக் கொடுக்கும். அந்தக் கரையின் சரிவில்தான் கொடி. ஏரியை விட்டுக் கொஞ்சம் விலகினாலும் கொடி பிழைப்பது கடினம்.

ஐரோப்பியத் திராட்சை இங்கே வளரவே வளராது என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். உக்ரைனில் பிறந்து 1951-ல் அமெரிக்கா வந்த கான்ஸ்டன்டின் ஃபிராங்க் என்பவர், அதே பகுதியில் ஜெனீவா என்கிற ஊரில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் களை கொத்தும் வேலையில் சேர்ந்தார். சோவியத் நாட்டில் இதைவிடக் கடுங்குளிரில் கொடி வளர்த்தவர் அவர். குற்றம் குளிரிடம் இல்லை, நீங்கள் ஒட்டுக்கட்டப் பிடித்த அடிவேர்தான் தவறு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கோல்ட் சீல் நிறுவனத்தில் இருந்த பிரெஞ்சுக்காரர் சார்லஸ் ஃபூர்னியே ஒருவர்தான் காது கொடுத்தார். இருவரும் குளிர் தாங்கும் அடிவேரைத் தேடி அலைந்து, ஒட்டுக் கட்டி, ரீஸ்லிங்கையும் ஷார்டனேயையும் நட்டார்கள். 1962-ல் ஃபிராங்க் கியூக்கா ஏரிக்கரையில் சொந்த ஒயினரியைத் தொடங்கினார். இன்று அந்தப் பகுதியின் ரீஸ்லிங்கை ஜெர்மன்காரர்களே மதித்துக் குடிக்கிறார்கள்.

அங்கே எனக்குப் பெரிய பாடம் மண் அணைப்பு. நாம் கரும்புக்கு அணைக்கிறோம், நிற்பதற்காக. அவர்கள் கொடிக்கு அணைக்கிறார்கள், ஒட்டுப் போட்ட முடிச்சை மூடுவதற்காக. குளிர்காலத்தில் மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே போனால் தரைக்கு மேலே இருக்கும் தண்டு செத்துவிடலாம். முடிச்சு மண்ணுக்குள் இருந்தால் அதற்கு மேலிருந்து புதுத்தண்டு வளர்த்துக்கொள்ளலாம். முடிச்சும் செத்தால் மிஞ்சுவது அடிவேர்தான். அதிலிருந்து வருவது வேறு கொடி, நமக்குப் பயன்படாது. இலையுதிர் காலத்தில் அணைத்து, வசந்தத்தில் ஒவ்வொரு கொடியாகக் கலைத்துவிட வேண்டும். அவசரத்தில் யாரோ சரியாக அணைக்காமல் விட்டுப்போன ஒரு வரிசையை வசந்தத்தில் பார்த்தேன். இரண்டு பக்கமும் துளிர், நடுவில் அந்த வரிசை மட்டும் கட்டை. தோட்டப் பொறுப்பில் இருந்த அம்மாள் ஒன்றும் சொல்லாமல் அதன் முன்னால் எல்லோரையும் கூட்டிப்போய் நிறுத்தினார். அடுத்த இலையுதிர்காலத்தில் யாரும் அவசரப்படவில்லை.

அவரிடம் கற்ற இன்னொன்று கண் வெட்டிப் பார்ப்பது. கவாத்துக்கு முன்பு, தோட்டத்தின் மேட்டிலிருந்தும் பள்ளத்திலிருந்தும் குச்சிகளை வெட்டி எடுத்துவந்து, ஒவ்வொரு கண்ணையும் சவர பிளேடால் மெல்லிசாகச் சீவுவார். ஒரு கண்ணுக்குள் மூன்று முளை இருக்கும். நடுமுளைதான் விளைச்சல் கொடுப்பது. மற்ற இரண்டும் காவல் முளைகள். நடுமுளை பச்சையாக இருந்தால் உயிர், பழுப்பாக இருந்தால் குளிர் தின்றுவிட்டது. நூறு கண்ணில் எத்தனை பழுப்பு என்று எண்ணி, அதற்குத் தக்கபடி கவாத்தில் கூடுதல் கண்களை விடுவார். அவர் பிளேடு பிடிக்கிற விதமே தனி. கட்டைவிரல் குச்சியைத் தாங்கும், பிளேடு நகராது, குச்சிதான் சுழலும். எனக்கு அந்தச் சீவல் வருவதற்கு நெடுநாள் பிடித்தது.

ரீஸ்லிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபிங்கர் லேக்ஸில் பழம் அமிலத்தோடுதான் வரும், எலுமிச்சை கடித்த மாதிரி கூசும். அதை ஒரு குறையாக நினைத்து அமிலத்தை வேதிப்பொருள் போட்டுக் குறைத்தவர்களும் உண்டு, அந்த ஒயின்களில் உயிர் இருக்காது. அமிலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பதினைந்து டிகிரிக்குக் கீழே மெதுவாக நொதிக்கவிட்டு, கொஞ்சம் சர்க்கரை மீதமிருக்கும்போதே டேங்க்கைக் குளிரவைத்து நிறுத்தினால், இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று தாங்கும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதைக் காலையும் மாலையும் சுவைத்துத்தான் சொல்ல முடியும். அந்த நாட்களில் செல்லாரில் காரக்குழம்பு சாப்பிட்டவனுக்கு வாய் இருக்காது என்பதால் நான் தயிர்சோறோடு இருந்தேன்.

விடுமுறை கிடைத்தபோதெல்லாம் இன்னும் கேள்விப்படாத ஊர்களின் ஒயின்களைத் தேடிக் குடித்தேன். மிசௌரி மாநிலத்தில் ஜெர்மன்காரர்கள் குடியேறிய ஹெர்மன் என்ற ஊர். அங்கே நார்ட்டன் என்கிற கருந்திராட்சை. வர்ஜீனியாவின் ரிச்மண்டில் ஒரு மருத்துவர் பெயரால் வந்த அமெரிக்க நாட்டுக்கொடி அது. ஐரோப்பியக் கொடியைப் படுத்துகிற ஈரத்தையும் பூஞ்சாணத்தையும் அது தாங்கி நிற்கும். நிறம் கையில் பட்டால் போகாது. ஹெர்மனில் 1847-ல் தொடங்கிய ஸ்டோன் ஹில் ஒயினரியை மதுவிலக்குக் காலம் மூடிவைத்தது. நிலவறைகளில் காளான் வளர்த்தார்கள். 1965-ல்தான் மறுபடி ஒயினுக்குத் திரும்பியது. அமெரிக்க அரசு முதன்முதலில் ஒயின் வட்டாரம் என்று எல்லை வரைந்து அங்கீகரித்தது எதைத் தெரியுமா? 1980-ல், இதே மிசௌரியின் ஆகஸ்டா. நாப்பாவின் முறை அதற்குப் பிறகுதான் வந்தது.

டெக்சாஸைச் சொல்லாமல் விட முடியாது, நம் தோட்டங்களின் அடியில் அது இருக்கிறது. டெனிசன் என்ற ஊரில் இருந்த டி.வி. மன்சன் காடுமேடெல்லாம் அலைந்து காட்டுத்திராட்சைகளைச் சேர்த்தவர். ஃபிலாக்சிரா என்கிற வேர்ப்பூச்சி பிரான்சின் கொடிகளை அழித்துக்கொண்டிருந்தபோது, பூச்சி தாங்கும் டெக்சாஸ் அடிவேர்களை அங்கே அனுப்ப உதவினார். 1888-ல் பிரெஞ்சு அரசு அவரைக் கௌரவித்தது. டெக்சாஸின் பெல் மாவட்டத்தில் டாக்ரிட்ஜ் என்று ஒரு மேடு. அங்கே கிடைத்த கொடிக்கும் அதே பெயர். உப்புத்தண்ணீரையும் வறட்சியையும் அது தாங்கும். மகாராஷ்டிரத்துத் தோட்டங்களில் ஒட்டுக்கட்ட நாற்று வாங்கும்போது “டாக்ரிட்ஜ் இருக்கா?” என்றுதான் கேட்பார்கள். யாரும் பேசாத ஒரு மேட்டின் காட்டுக்கொடி மேல்தான் பெயர்பெற்ற நம் திராட்சை நிற்கிறது.

இப்போது கம்பத்துக்கு வருகிறேன். நான் இதுவரை சொன்னதெல்லாம் இதற்காகத்தான்.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை நம் வீட்டில் எல்லோரும் தின்றது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர், கல்தூண் பந்தல், பந்தலுக்கு அடியில் குனிந்தபடி அறுக்கும் பெண்கள். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தாவரவியலில் அது மஸ்கட் ஹாம்பர்க். இதே கொடிதான் கலிபோர்னியாவில் பிளாக் மஸ்கட் என்ற பெயரில் இருக்கிறது. அங்கேயும் நாப்பாவில் அல்ல. மடேரா என்கிற வெக்கை பிடித்த உள்நாட்டுப் பகுதியில், மலிவு ஒயினுக்கும் உலர்திராட்சைக்கும் மட்டும் என்று ஒதுக்கிவைத்த மண்ணில், ஆண்ட்ரூ குவாடி என்பவர் இந்தப் பழத்தில் எலிசியம் என்று ஓர் இனிப்பு ஒயின் செய்தார். அதை முதன்முதலில் முகர்ந்தபோது எனக்குக் கம்பம் சந்தை வாசனை வந்தது. ரோஜாவும் லிச்சியும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். எனக்கு அது பன்னீர், வேறெதுவும் இல்லை.

அப்படியானால் கம்பத்தில் ஏன் அந்தத் தரம் வருவதில்லை? பழத்தின் குற்றம் கொஞ்சம்கூட இல்லை. சந்தைக்குப் போகும் பழத்தை எடைக்கு விற்கிறார்கள். கொடியில் எத்தனை கொத்து தொங்குகிறதோ அத்தனை காசு. நிறம் வந்தவுடன் பதினைந்து, பதினாறு பிரிக்ஸில் அறுத்துவிடுவார்கள். தின்பதற்கு அது போதும், ஒயினுக்குப் போதாது. கொத்துகளைக் குறைத்து, இலைகளை ஒதுக்கிக் காற்று விட்டு, இன்னும் இரண்டு வாரம் பொறுத்தால் சர்க்கரை ஏறும். ஆனால் அந்த இரண்டு வாரத்தில் மழை வந்தால் பழம் வெடிக்கும், நட்டம் விவசாயிக்கு. குறைந்த எடைக்கும் பொறுத்திருந்ததற்கும் கூடுதல் விலையை முன்கூட்டியே எழுதிக் கொடுக்காமல், தரமான பழம் வேண்டும் என்று கேட்க செல்லாருக்கு உரிமை இல்லை. இதில் நான் விவசாயி பக்கம்.

அடுத்த தவறு செல்லாருக்கு உள்ளே நடப்பது. தெற்கே ஒரு செல்லாரில், பன்னீரை நாசிக் ஷிராஸ் மாதிரி கனத்த சிவப்பு ஒயினாகச் செய்ய முயன்றார்கள். தோலோடு நாள்கணக்கில் ஊறவைத்து, தினமும் மேலே மிதக்கும் தோல்தொப்பியை அமுக்கி, பிறகு ஓக் மரத்துண்டு போட்டு. பன்னீரின் தோலில் அத்தனை நிறம் கிடையாது. ஊற ஊற விதையின் கசப்புதான் இறங்கியது. வாசனை முழுக்க நொதிக்கும் சூட்டில் ஆவியாகப் போய்விட்டது. மிஞ்சியது செங்கல் நிறத்தில் கசப்பான ஏதோ ஒன்று. “மல்லிகையை வறுத்தால் என்ன கிடைக்கும்?” என்று அங்கே வந்திருந்த மூத்த கைக்காரர் கேட்டார்.

அடுத்த அறுவடையில் அவரே நின்று செய்தார். விடிவதற்கு முன்பே அறுவடை, பழம் குளிர்ச்சியோடு வந்து சேர வேண்டும். வந்தவுடன் நசுக்கி, தோலோடு சில மணி நேரம் மட்டும், அதுவும் குளிரில். பிறகு மெதுவாகப் பிழிவு. தானாக வடியும் சாறு ஒரு டேங்க், அழுத்திப் பிழிந்த சாறு வேறு டேங்க், இரண்டும் கலக்கக்கூடாது. கம்பத்து வெக்கை இரவுகள் புளிப்பைக் குறைத்துவிடுவதால் நொதிக்கும் முன்பே டார்டாரிக் அமிலம் சேர்த்து பி.எச். அளவை இறக்கினார். பி.எச். ஏறிக் கிடந்தால் எவ்வளவு கே.எம்.எஸ். (பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்) போட்டாலும் கந்தகம் வேலை செய்யாது, கிருமி தங்கிவிடும். பிறகு ஈஸ்ட், பதினைந்து டிகிரி, பொறுமை. ஓர் இரவில் டேங்க்கின் மேல் மூக்கை வைத்தவர் சட்டென்று நிமிர்ந்தார். முட்டை வாடை என்றார். எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. சாற்றில் நைட்ரஜன் குறைந்து ஈஸ்ட் பட்டினி கிடந்தால் அந்த வாடை வரும். உடனே டி.ஏ.பி. என்கிற நைட்ரஜன் உப்பைக் கரைத்து ஊற்றிச் சாற்றைக் காற்றுப்படச் சுழற்றவைத்தார். காலையில் எங்கள் மூக்குக்கும் எட்டுகிற அளவு அது ஏறியிருந்தால் டேங்க் போயிருக்கும்.

வந்த ஒயின் வெளிறிய ரோஜா நிறம், லேசான இனிப்பு, பத்து சதவீதத்துக்குப் பக்கத்தில் ஆல்கஹால். குளிரவைத்து, அந்த வருடத்துக்குள்ளேயே குடிக்க வேண்டிய ஒயின். இனிப்பு மீதமிருப்பதால் நுண்வடிகட்டியில் விட்டு ஈஸ்ட்டை முழுசாக எடுத்த பிறகுதான் பாட்டிலில் அடைக்கலாம், இல்லையென்றால் பாட்டிலுக்குள் மறுபடி நொதித்துக் கார்க் தெறிக்கும். வயதாக வயதாகச் சிறக்கும் ஒயின் அது அல்ல, அப்படி ஆக்க முயலவும் வேண்டாம். நான் குடித்த எந்த ஊர் ரோஸே ஒயினுக்கும் அது தாழ்ந்ததில்லை என்று இன்றும் சொல்வேன்.

நெய்வேலியில் திராட்சை போடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். வடகிழக்குப் பருவமழையும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்து இலையில் பூஞ்சாணத்தைப் படரவிட்டுவிடும். குவார்ட்டர்ஸ் தோட்டத்தில் ஒரு கொடி நிழலுக்கு வளர்க்கலாம், அதற்கு மேல் ஆசைப்படக்கூடாது. இந்தச் செம்மண் முந்திரிக்கும் பலாவுக்கும் ஆனது. ஆனால் நம்முடைய பழுப்பு நிலக்கரியிலிருந்து பிரித்தெடுக்கும் ஹியூமிக் அமிலம் வெள்ளைவேர் பிடிக்க நல்லது, கொடிக்கும் ஊற்றலாம். ஊருக்கு ஒரு பங்கு அந்த வழியில் இருக்கட்டும்.

கற்க வருகிறவர்களுக்குச் சில வார்த்தை. வீட்டில் பானையில் நொதிக்கவைத்துப் பழகலாம் என்று நினைக்காதீர்கள். 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் ஒயின் செய்வது குற்றம். நொதிக்காமலேயே பழக வேண்டியது ஏராளம் இருக்கிறது. ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். சந்தையில் கிடைக்கும் ஒவ்வொரு திராட்சையையும் முதலில் வாயில் அளந்து எண்ணைச் சொல்லுங்கள், பிறகு மீட்டரைப் பாருங்கள். விதையைக் கடியுங்கள். கவாத்து நேரத்தில் யாராவது ஒரு விவசாயியிடம் கூலி கேட்காமல் நின்று, எந்தக் கண்ணை விடுகிறார், எதை வெட்டுகிறார் என்று பாருங்கள். அதற்குப் பிறகு உரிமம் உள்ள ஏதாவது ஒரு சின்ன செல்லாரில் கழுவும் வேலைக்குச் சேருங்கள், எந்த ஊராக இருந்தாலும் சரி.

கம்பத்தில் கவாத்தை மாற்றி மாற்றிச் செய்வதால் ஆண்டில் எந்த மாதம் போனாலும் ஏதாவது ஒரு பந்தலில் அறுவடை நடக்கும். விடிவதற்கு முன்பே போய்ச் சேருங்கள், வெயில் ஏறியபின் அறுத்த பழத்தில் கற்றுக்கொள்ள அதிகம் இருக்காது.